பவளம் இழுத்த கால்

ஜனவரி 7, புதன்

பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்துவிட்டுப் போனார்கள். மனதில் இருக்கிற பாரத்தை எழுதினால் குறையுமாம். எனக்குப் பாரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத்து மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறப்பதில்லை. நாளைக்கு யாராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சாதித்தால் எடுத்துக் காட்டலாம். அதற்குத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் காத்தாயி. மழையில் மலை சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை மூடிய அன்று என் இடது தொடை முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்து, இங்கே கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு இந்தியாவிலிருந்து ஒருத்தி வந்தாள். டாக்டர் இல்லையாம், நர்ஸும் இல்லையாம். விழுந்து கிடக்கிறவர்களை நடக்க வைக்கிற படிப்பாம். பிள்ளைகள் அதற்குள் "எக்சசைஸ் மிஸ்" என்று பெயர் வைத்துவிட்டன. பெனிட்டா என்பது அவள் பெயர். திருநெல்வேலிப் பக்கமாம். சம்பளம் கிடையாதாம், தானாக வந்தாளாம்.

கடல் தாண்டி யாராவது சும்மா வருவார்களா?

ஜனவரி 8

காலையில் வந்தவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே டேப்பை எடுத்து என் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் பிடித்தாள். 

"என்னாத்துக்கு அளக்குற?"

"ரெண்டு காலும் ஒரே நீளமா இருக்கான்னு பாக்கேன் ஆச்சி."

"எங்க தோட்டத்துல படுத்துக் கெடக்குற ஆள அளக்குறது ஒரே ஒருத்தருதான். பொட்டி செய்யிற ஆசாரி."

அவள் டேப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஐயோ ஆச்சி! செருப்புக்கு அளக்கேன்னு நெனச்சுக்கிடுங்க."

இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாம். செருப்புக்கு அடியில் ஒரு தகடு வைத்து ஒட்டித் தருவாளாம். தரட்டும், பார்க்கலாம். சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி "ஆச்சி ஆச்சி" என்கிறாள். அவர்கள் ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கையோடு ஒரு பதில் வைத்திருக்கிறாள் எல்லாவற்றுக்கும்.

ஜனவரி 9

வெளிநாட்டு ஆட்கள் கிட்னி எடுப்பார்கள் என்று பக்கத்துக் கட்டில் அஞ்சலை சொன்னாள். கிட்னி எடுக்க வந்தவள் எதற்குக் காலைப் பிடிக்கிறாள் என்று கேட்டேன். ஆனாலும் சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

இன்னொன்று. இதுவரைக்கும் வந்த அத்தனை பேரும் எங்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். இவள் ஒன்றுகூட எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும்.

இரண்டு நாற்காலியை எதிர் எதிரே போட்டாள். ஒன்றில் என்னை உட்கார வைத்தாள். எதிர் நாற்காலியில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள் தெரியுமா? பவளத்தை. என் கையில் ஒரு சிவப்பு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, "ஆச்சி, அந்த ஆச்சிக்கு உருட்டி விடுங்க. அவங்க எடது கையால தடுப்பாங்க. ஒங்களுக்கும் இடுப்பு அசையும், அவங்களுக்கும் தோள் அசையும்," என்றாள்.

மண்டபத்தில் இரைச்சல் அப்படியே நின்றுபோனது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது. இந்தியாக்காரிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

பவளம் என் செத்துப்போன புருசனுடைய தங்கச்சி. லயத்தில் என் அறைக்கு அடுத்த காம்பிரா அவளுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது, ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் தாளித்தால் அவளுக்கு மூக்கில் ஏறும். அப்படிப்பட்ட இடத்தில், என் புருசன் செத்த நாளிலிருந்து நானும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் கோழியிடம் சொல்லுவோம், பானையிடம் சொல்லுவோம். கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிடும்.

பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவளம்தான் வாயைத் திறந்தாள், மண்டபத்துத் தூணைப் பார்த்து.

"தூணே, சில பேருக்குப் பந்து உருட்டக்கூட நெஞ்சுல ஈரம் வேணும்."

நான் பந்தைப் பார்த்துச் சொன்னேன். "பந்தே, நீ போற எடம் நல்ல எடம் இல்ல. பாத்துப் போ."

உருட்டினேன். கொஞ்சம் வேகமாகத்தான் உருட்டினேன். அவள் முழங்காலில் பட்டது.

பெனிட்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிதான். ரெண்டு பேருக்கும் வாய்க்கு எக்சசைஸ் வேண்டாம்," என்றாள். மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் இவள் இப்படி உட்கார வைத்திருக்கிறாள்.

ஜனவரி 12

பெனிட்டா வந்து கட்டிலில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாது ஆச்சி, மன்னிச்சிடுங்க. அப்படி என்ன சண்டை?" என்றாள். சொன்னேன். கேட்டதால் சொன்னேன்.

என் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு அண்ணன். அவன் கப்பலேறி இந்தியாவுக்குப் போனான். போனவன் போனவன்தான். ஒரு கடுதாசி கிடையாது. என் புருசன் செத்தபோது பிறந்த வீட்டிலிருந்து எனக்குக் கோடிச்சேலை கொண்டுவர ஆள் இல்லை. சுற்றிப் பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், தப்பு அடிக்கிறான், தூறல் போடுகிறது. பவளம் அரக்குக் கலர் சேலை கட்டியிருந்தாள், முந்தானையில் ஒரு கிழிசல். அத்தனை பேர் நடுவில் சொன்னாள்: "கோடி போடக்கூட நாதியத்தவளக் கட்டிட்டு வந்துதான் எங்கண்ணன் சீக்கிரமே போய்ச் சேந்துருச்சி."

அதற்கு முன்னால் நானும் அவளும் ஒரே நிறையில், ஒரே தேயிலை வரிசையில், கொழுந்து எடுத்தவர்கள். அவள் சொல்லித்தான் அவள் அண்ணனைக் கட்டினேன். அப்படிப்பட்டவள் வாயிலிருந்து வந்தது.

"எத்தனை வருசமாச்சு?" என்றாள் பெனிட்டா.

"நேத்துத்தான்," என்றேன்.

ஜனவரி 15, பொங்கல்

பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரே பானையில் எல்லாருக்கும் பொங்கினார்கள். அடி பிடித்துவிட்டது.

கொழும்பிலிருந்து மகன் ஞானம் போன் எடுத்தான். சாப்பாட்டுக் கடையில் வேலை. அவன் காம்பிராவில் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கே கால் நீட்ட இடம் இல்லை என்று அவனே எடுத்து எடுத்துச் சொன்னான். நான் வருகிறேன் என்று சொல்லவே இல்லை. பேத்தி ஒரு பாட்டுப் பாடினாள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அம்மா, டவுன்ல வயோதிபர் மடம் ஒண்ணு இருக்காம். நல்ல எடமாம். டீவி எல்லாம் இருக்காம்."

"டீவி பாக்குறதுக்கா ஒன்னையப் பெத்தேன்?"

"கால் சரியாகுற வரைக்கும்மா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மடத்தைப் பற்றிக் கொழும்பில் இருக்கிறவனுக்கு யார் சொன்னது? இங்கிருந்துதான் போயிருக்கிறது. பெனிட்டா அவன் நம்பரைக் கேட்டு வாங்கினாள், போன திங்கட்கிழமை, அஞ்சலை கட்டில் ஓரமாக நின்று. நான் தூங்குகிறேன் என்று நினைத்தாள்.

ஜனவரி 16

கேட்டுவிட்டேன். "என் மகன்கிட்ட மடத்தப் பத்திச் சொன்னது நீதானே?"

"இல்ல ஆச்சி. நீங்க முன்னாடி எப்படி நடப்பீங்கன்னு கேட்டேன். எங்கம்மா மலை ஏறுனா நான் பின்னால ஓடணும்னு சொன்னாரு. அவ்வளவுதான் பேசினோம்."

அவன் அப்படிச் சொல்லியிருப்பானா? இவளாகச் சேர்த்துச் சொல்கிறாளா? ஓடினது நிசம்தான். ஓட முடியாமல் அழுவான்.

ஜனவரி 19, திங்கள்

நான்குகால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தேன். தகடு ஒட்டின செருப்பு பரவாயில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பெனிட்டா விசாரணையை ஆரம்பித்தாள். மலை சரிந்த அன்றைக்கு நான் எப்படிக் கிடந்தேன்? குப்புறவா, மல்லாந்தா? எந்தக் காலைப் பிடித்து இழுத்தார்கள்? போலீசு கேட்கிற மாதிரி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொழுது சாய்கிற நேரம். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்தேன். சத்தம் வந்தது. அப்புறம் வாயெல்லாம் மண். இடுப்புக்கு மேலே எல்லாம் சேற்றுக்குள், கால் மட்டும் வெளியே. யாரோ வலது காலைப் பிடித்து இழுத்தார்கள். விடாமல் இழுத்தார்கள். வெளியே வந்து பார்த்தால் பக்கத்தில் பவளம் சுருண்டு கிடக்கிறாள். என் இடது தொடை உடைந்து தொங்குகிறது. "மண்ணு எங்காலை ஒடைக்கல. அவ இழுத்த இழுப்புதான் ஒடைச்சது. எழுதிக்க," என்றேன்.

பெனிட்டா ஒன்றும் எழுதவில்லை. "இழுத்தா அந்த எலும்பு அப்படி உடையாது ஆச்சி. மேலேர்ந்து உத்திரம் மாதிரி ஏதாவது விழுந்திருக்கணும். அதுவும் அவங்க இழுத்தது வலது கால். ஒடஞ்சது எடது."

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அந்த ஆச்சி தோளப் பாத்தீங்களா? உள்ள சதை கிழிஞ்சிருக்கு. தாங்க முடியாத பாரத்த விடாம இழுத்தா அப்படிக் கிழியும். முதல்லயே விட்டிருந்தா கிழிஞ்சிருக்காது."

பவளம் இவளுக்கு நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஜனவரி 20

எழுத ஒன்றும் இல்லை. தூக்கம் வரவில்லை. வலி.

ஜனவரி 23, வெள்ளி

பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டுமாம், மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விளையாட்டுக் கிரவுண்டில் தகரக் கொட்டகைகள் அடித்திருக்கிறார்கள். ஒரு கொட்டகைக்கு இரண்டு அறை, நடுவில் பலகைச் சுவர். யாருக்கு யார் பக்கத்தில் என்று பழைய லயத்தில் இருந்த மாதிரியே ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் என் பலகைக்கு அந்தப் பக்கம் அவள்தான். மலையே சரிந்தது, இந்தச் சுவர் மட்டும் சரியவில்லை.

ஆனால் எனக்கு அந்த அறையும் உறுதி இல்லை. கக்கூஸ் கீழே இருக்கிறது, கல்படி இறங்கிப் போக வேண்டும். தனியாகப் போய்வர முடியாதவர்கள், கூட ஆள் இல்லாதவர்கள், மடத்துக்குப் போக வேண்டுமாம். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் கிராம சேவகர் ஜி.எஸ். ஐயா வந்து ஒவ்வொருவராகப் பார்ப்பாராம்.

பெனிட்டாவிடம் கேட்டேன், நடந்துவிடுவேனா என்று.

"தரையில நடந்துருவீங்க. படிக்கு ஒரு ஆள் பக்கத்துல வேணும் ஆச்சி, கொஞ்ச நாளைக்காவது. நான் ஆறாம் தேதி போயிருவேன். அதுக்கப்புறம் யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. யாரும் வேண்டாம் என்றேன்.

ஜனவரி 26

இன்றைக்கும் கேட்டேன் அவளிடம், நீ எதற்கு இங்கே வந்தாய் என்று. மூன்று தடவை கேட்டு மூன்று பதில் வாங்கியிருக்கிறேன். லீவு இருந்தது, கூப்பிட்டார்கள், மனசு கேட்கவில்லை. இன்றைக்கு நான் முறைத்த முறைப்பில் சொல்லிவிட்டாள்.

"வீட்ல மாப்பிள்ள பாக்காங்க ஆச்சி. வாரத்துக்கு ஒரு கூட்டம் வருது, பஜ்ஜி திங்குது, போகுது. தாங்க முடியாம ஓடி வந்துட்டேன்."

இதை நம்புகிறேன். சொந்தக் காரியம் உள்ளவர்களை நம்பலாம். மனசு கேட்காமல் வருகிறவர்களைத்தான் நம்பக் கூடாது.

மாப்பிள்ளை வேண்டாம் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, எதற்குக் கடல் தாண்டி வந்து என் காலை நீட்டுகிறாய் என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே காலை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டாள்.

ஜனவரி 28, புதன்

விடிந்தும் விடியாமல் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்கும் கல்படிதான். தனியாக இறங்கிக் காட்டிவிட்டால் ஒருத்தர் தயவும் வேண்டாமே.

நடைவண்டியை மேலே விட்டுவிட்டு, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதியில் கம்பி முடிந்துவிட்டது. மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. நல்ல கால் நடுங்க ஆரம்பித்தது. கத்தலாம். கத்தினால் மண்டபமே ஓடிவரும், ஜி.எஸ். காதுக்குப் போகும். கத்தவில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு பவளம் வந்தாள். என்னைப் பார்த்தாள். தாண்டிப் போய் எனக்கு ஒரு படி கீழே நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு வாளியிடம் பேசினாள்.

"வாளியே, எறங்கும்போது நோவுற கால மொதல்ல வைக்கணும்னு அந்த மிஸ் தலபாடாச் சொல்லிச்சே, காது என்னா அடைச்சுக்கெடந்திச்சா?"

நான் வாளிக்குப் பதில் சொல்லவில்லை. இடது காலை முன்னே வைத்தேன். பிடிக்க ஒன்றும் இல்லை. அவள் வலது தோள் முன்னால் இருந்தது. பிடித்தேன். கல் மாதிரி நின்றாள்.

"வாளியே, நகத்த வெட்டச் சொல்லு. சத எல்லாம் பேந்துரும்."

போனோம், வந்தோம். ஏறும்போதும் தோள் இருந்தது. கம்பி இருந்தால் கம்பியைப் பிடித்திருப்பேன், அது இல்லாததால் தோள். அவ்வளவுதான்.

ஜனவரி 30

பவளத்துக்கு இடது கை தலைக்கு மேலே போகாது. ஒரு கையால் முடிந்த கொண்டை காதோரமாகத் தொங்குகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. இன்றைக்கு அவளைத் திரும்பி உட்காரச் சொல்லும்படி நாற்காலியிடம் சொல்லிவிட்டு, சீவி முடிந்துவிட்டேன். நான் சாப்பிடுகிற இடத்தில் முடி பறக்கக் கூடாது, அதற்காக.

பெனிட்டா தூரத்தில் வேறு யாருக்கோ காலை நீட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றாள். அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை.

பெப்ரவரி 5, வியாழன்

ஜி.எஸ். ஐயா வந்தார். கூட ஒரு அம்மா. என்னை நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். நன்றாகவே நடந்தேன்.

"படி?" என்றார் ஐயா.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லுவாள், முடியும் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "பக்கத்துல ஒரு ஆள் இருந்தா முடியும் சார்," என்றாள்.

"சரி. ஒங்களுக்கு ஆளு யாராச்சும் இருக்காங்களாம்மா?"

எல்லாக் கட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. இல்லை என்றால் டவுன் மடம், டீவி. இருக்கிறது என்றால் யார் என்று கேட்பார்.  ஐயா பேனாவை எடுத்தார்.

"இருக்கா," என்றேன்.

"யாரு?"

"எந் நாத்தனா."

 ஐயா திரும்பிப் பவளத்தைப் பார்த்தார். "நீங்களாம்மா? பாத்துக்குவீங்களா?"

பவளம் ஐயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நேரத்தில் அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டியிருந்தால் நான் இன்றைக்கே மடத்து வண்டியில் ஏறியிருப்பேன். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் ருசித்தாள்.

"என்னையக் கேட்டுப்புட்டுல்ல சொல்லணும்," என்றாள். அப்புறம் ஐயாவிடம், "பலகைக்கு அந்தப் பக்கம் நான்தானேங்க இருக்கப்போறேன். கூப்புட்டா வாரேன். ஆனா வாயத் தொறந்து கூப்புடணும். பானையெல்லாம் வந்து கூப்புட்டா வரமாட்டேன்."

அஞ்சலை முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும்.

பெப்ரவரி 6

பெனிட்டா போய்விட்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "தெனமும் தொட்ட காலுதானே, இன்னிக்கு மட்டும் என்னா புதுசா," என்றேன்.

என் அண்ணன் போன ஊர்ப்பேரைச் சொன்னேன். விசாரித்துப் பார்க்கிறேன் என்றாள். விசாரிக்க வேண்டாம் என்றேன். கண்டுபிடித்தால் அவனிடம் நானே பேச வேண்டியது நிறைய இருக்கிறது, இவள் நடுவில் வரக் கூடாது.

மாப்பிள்ளை விஷயத்தில் வாயைத் திறந்து பேசச் சொல்லி அனுப்பினேன். போய் என்ன செய்வாளோ. பஜ்ஜி சுட்டுக் கொடுப்பாள்.

பெப்ரவரி 9, திங்கள்

கொட்டகைக்கு வந்து இரண்டு நாள். தகரம் பகலில் கொதிக்கிறது. காலையும் சாயந்தரமும் பவளம் வருகிறாள், படி இறங்குகிறோம். பெனிட்டா சொல்லிக்கொடுத்த மாதிரி நான் அவள் இடது கையைக் கயிற்றால் மேலே இழுத்து விடுகிறேன். கத்துகிறாள். கத்தட்டும்.

இன்றைக்கு மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். எதிரில் மலை, நடுவில் சிவப்பாக ஒரு கீறல். அங்கேதான் எங்கள் லயம் இருந்தது. கேட்டுவிட்டேன், நேராக அவள் முகத்தைப் பார்த்து.

"அன்னிக்கு எதுக்கு என்னைய இழுத்த?"

இத்தனை வருசத்தில் நான் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. அவள் காலில் இருந்த சேற்றைச் சுரண்டினாள்.

"நான் ஒன்னையவா தேடுனேன்? என் ஆட்டத் தேடிக்கிட்டுக் கெடந்தேன். கையில ஒரு கால் சிக்குச்சி. ஆட்டுக்காலுன்னு நெனச்சி இழுத்தேன். நீன்னு தெரிஞ்சிருந்தா விட்டுருப்பேன்."

"ஆட்டுக்காலுக்கும் எங்காலுக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியல?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருந்திச்சி. எந்திரி, வெயில் ஏறுது."

எழுந்தேன். தோளைப் பிடித்தேன்.  ஆனால் அவள் சொன்னது பச்சைப் பொய், அதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த ஆட்டின் பெயர் லெச்சுமி. விடிந்தால் போதும், பொழுது சாயும் வரைக்கும் லெச்சுமி லெச்சுமி என்று அவள் கூப்பிடுவது என் சுவரைத் தாண்டி வரும்.

சேற்றுக்குள் நான் மூச்சில்லாமல் கிடந்தபோது, என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் அலறினது லெச்சுமி என்று இல்லை.